கேலரியில் இருந்தவள்

இறந்துபோனவர்கள் பொய் சொல்லக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்ட வருடம்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. எங்களைத் திருத்த முடியாது என்று கைகழுவிவிட்டார்கள் போலிருக்கிறது.

குரல்பெட்டி வந்த புதிதில் எல்லோரும் அழுதுகொண்டே வாங்கினார்கள். செத்துப்போனவரின் போனில் கிடந்த பேச்சு, வீடியோ, குரல்செய்தி எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால் போதும். அப்பாவோ மனைவியோ சாகவே இல்லாத மாதிரி சாயங்காலத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். பிறகு ஓர் ஊரில் ஒரு பெட்டி, 'வீட்டைச் சின்னவனுக்குத்தான் தருவதாகச் சொன்னேன்' என்று சொல்ல, அண்ணனும் தம்பியும் அரிவாளைத் தூக்கினார்கள். பெட்டிக்குள் யாரோ புகுந்து விளையாடியிருந்தார்கள். அதற்கப்புறம் வந்ததுதான் மெய்ச்சட்டம்.

சட்டம் சொல்வது சுலபம். பேசும் இயந்திரம் எதையாவது நடந்ததாகச் சொன்னால், அது நிரூபிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கொஞ்சல், கோபம், கேள்வி, பாட்டு இவற்றுக்கெல்லாம் விலக்கு உண்டு. வீட்டுக்குள் நடந்ததற்கு வீட்டாரின் கையெழுத்து போதும். வெளியிடத்தில் நாலு பேர் முன்னால் நடந்தது என்றால், தனித்தனியான மூன்று ஆதாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா என்று வலை முழுவதையும் துழாவிப் பார்த்துச் சொல்வது மெய்ச்சான்று என்ற இன்னொரு இயந்திரம். அது சொன்ன முடிவு பிடிக்காதவர்கள் வந்து சண்டை போடுவதற்காகச் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மறுஆய்வு அலுவலகம் திறந்தார்கள். முகப்பில் உட்கார்ந்து திட்டு வாங்குவது நான். பெயர் தர்ஷன்.

சுகன்யா அம்மாள் திட்டவில்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். துவைத்த துண்டில் சுற்றி எடுத்துவந்த பெட்டியை என் மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது என் பொண்ணு மகிழினி, தம்பி. தொப்பூர்ல லாரி மோதிப் போயிட்டா. ரெண்டு மாசமா வேற யாரோ மாதிரி பேசறா."

"எல்லாப் பெட்டியும் கொஞ்சம் அப்படித்தாம்மா ஆயிருக்கு. புதுச் சட்டம்."

"நீங்களே கேளுங்க" என்று பொத்தானை அழுத்தினார்.

"அம்மா, சாப்பிட்டியா?" என்றது பெட்டி. இளம் பெண் குரல். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவதுபோல் ஓர் அவசரம். எனக்குக்கூடப் பிடித்துவிட்டது.

"சாப்பிட்டேன்டி. அந்த ஃபைனல் கதையச் சொல்லு."

பெட்டி ஒரு நொடி யோசித்தது. மெய்ச்சான்றிடம் அனுமதி கேட்கிற நேரம் அது. பிறகு அதே செல்லக் குரலில், "அப்படி ஒரு ஆட்டம் நடந்ததா ஆதாரம் இல்லம்மா. ஒத்த ஆளா மூணு பேரையும் அவுட் ஆக்குன முதல் இந்தியப் பொண்ணு, கோலார் ரோஸ்லின் குரியன். வேற எதாச்சும் கேளு" என்றது.

அந்தம்மாள் பொத்தானை அழுத்திப் பெட்டியை நிறுத்தினார். "பாத்தீங்களா? ஆடுனது இவ. அந்த ரோஸ்லின் யாருன்னே எங்களுக்குத் தெரியாது. என் பொண்ணு வாயாலயே இன்னொருத்தி பேரச் சொல்ல வெக்கிறாங்க. தினமும் விளக்கு வெச்சதும் இந்தக் கதையத்தான் சொல்லுவா. அது இல்லாம எனக்குப் பொழுது போக மாட்டேங்குது தம்பி."

மகிழினி பேஸ்பால் ஆடியிருக்கிறாள். சேலத்துப் பெண்கள் அணிக்காக, இருபது வருடத்துக்கு முன்பு, மாவட்டங்களுக்கு இடையிலான இறுதி ஆட்டத்தில். எனக்குப் பேஸ்பாலில் தெரிந்ததெல்லாம், மட்டை உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான். கிரிக்கெட் பார்த்தே கெட்டுப்போன ஊர் இது. 'பார்க்கிறேன்' என்று சொல்லி ரசீது கொடுத்து அனுப்பினேன்.

பார்க்கவும் பார்த்தேன். வலையில் எல்லாம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஒருநாள் என் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். மாவட்டப் பேஸ்பால் சங்கத்தின் பக்கம் என்றைக்கோ காலாவதியாகி, அந்த முகவரியில் இப்போது கூந்தல் தைலம் விற்கிறார்கள். அன்றைக்கு ஆட்டச் செய்தி போட்டிருக்கக்கூடிய உள்ளூர் நாளிதழ் மூடிவிட்டது. பழைய இதழ்களை வாங்கிய நிறுவனம், இடத்தை மிச்சப்படுத்த இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் சுருக்கி எழுதவைத்து, மூலத்தை அழித்துவிட்டது. அந்த வாரத்து விளையாட்டுப் பக்கத்தின் சுருக்கம் இப்படி இருந்தது: 'பல ஆட்டங்கள் சிறப்பாக நடைபெற்றன.' அதை எழுதிய இயந்திரம் கையில் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.

ஆனால் ரோஸ்லின் குரியனுக்கு ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள். ஒன்றில் அவளுடைய பயிற்சியாளரின் பெயர். இன்னொன்றில் அவளுக்குப் பிடித்த பலகாரம். ஓய்வுபெற்றபின் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறாள் என்று ஒரு பக்கம், படத்தோடு. படத்தில் அவளுக்கு ஒரு கையில் ஆறு விரல் இருந்தது. எல்லாப் பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. ஆளில்லாமல், சம்பளமில்லாமல், ராத்திரி பகலாக இயந்திரங்கள் எழுதித் தள்ளிக்கொண்டிருக்கும் சரக்கு. நான் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் தாயாக ஒரே ஒரு பழைய பக்கம் நின்றது. 'ஆல்பர்ட்டின் பேஸ்பால் துணுக்குகள்.' கோலார்க்காரியைப் பற்றி முதன்முதலில் எழுதிய அந்த ஆல்பர்ட்டின் விலாசம் கோலார் இல்லை. என் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய சீலநாயக்கன்பட்டி.

தட்டுவடைக் கடை ஒன்றில் சந்திக்கலாம் என்றார் ஆல்பர்ட். நான் சுகன்யா அம்மாளையும் அழைத்துக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் வினாடி வினா நடத்திய மனிதர். நரைத்த மீசை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வாய். பெண் யார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஒரே ஆள் மூன்று பேரை அவுட் ஆக்குவது என்றால் என்ன என்று மட்டும் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. மூன்று தட்டுவடையைத் தட்டில் தள்ளித்தள்ளி வைத்தார்.

"இது ஒண்ணாவது பேஸ், ஓடறவங்க வந்து நிக்கற எடம், இது ரெண்டாவது, இது மூணாவது. ஆடறவ நிக்கற எடம், இந்தா, இந்தச் சட்னிக் கிண்ணம். ஒண்ணுலயும் ரெண்டுலயும் ஆளுங்க நிக்கறாங்க. பந்து வீசுனதும் ரெண்டு பேரும் அடுத்த பேஸுக்கு ஓட ஆரம்பிச்சிட்டாங்க. இங்க ஆடறவ ஓங்கி அடிக்கறா. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கறவள ஷார்ட்ஸ்டாப்னு சொல்லுவோம். பந்து நேரா அவ கைக்கு வருது. தரையில படாமப் புடிச்சிட்டா. அடிச்சவ அவுட், ஓடுனவங்களும் கெளம்புன பேஸுக்கே திரும்பணும். புடிச்சதும் ஒரே எட்டு, ரெண்டாவது பேஸ மிதிக்கறா. அங்கேருந்து ஓடுனவ திரும்பி வர முடியாது, அவளும் அவுட். ஒண்ணுலேருந்து ஓடி வர்ற பொண்ணு நிக்க முடியாம இவ மேலயே வந்து மோதற மாதிரி வர்றா. பந்தால அவளத் தொட்டா மூணாவது அவுட். யாருக்கும் பந்தக் குடுக்கல. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும் சார். ஆயுசு பூரா ஆட்டம் பாத்தாலும் சில பேருக்கு ஒண்ணு காணக் கிடைக்காது."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. இதே ஊர்ல. ஓமலூர் ரோட்டுல ஒரு காலேஜ் மைதானம். கேலரில பத்துப் பேர் உக்காந்திருந்தா அதிகம். ஒல்லியா ஒரு பொண்ணு. மூணாவது அவுட் ஆனது அவளுக்கே புரியல. பந்தக் கையில வெச்சிக்கிட்டு அப்படியே நிக்கறா."

"மேல பாத்தாளா?" என்று கேட்டார் சுகன்யா அம்மாள்.

"பாத்தாம்மா. கேலரியத்தான் பாத்தா. யாரையோ தேடற மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் மத்த பொண்ணுங்க ஓடிவந்து தூக்குனாங்க."

அந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தார். பெருமையில் வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு பேரு மகிழினி. இவங்க அவளோட அம்மா" என்றேன். "ஆனா உங்க பக்கத்துல ரோஸ்லின் குரியன்னு இருக்கே?"

ஆல்பர்ட்டின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். கையிலிருந்த தட்டுவடையைத் தட்டில் வைத்தார்.

"அப்படி ஒருத்தி கிடையாது சார். பொறி அது."

"என்ன பொறி?"

"துணுக்கு சேக்கறவன் எல்லாம் பண்றதுதான். வருஷக்கணக்கா ஊர் ஊரா அலைஞ்சு ஒவ்வொண்ணா கேட்டுச் சேத்து வெப்போம். எவனோ ஒருத்தன் மொத்தத்தையும் அள்ளி அவன் பேர்ல போட்டுக்குவான். கேட்டா, உண்மை உனக்கு மட்டும் சொந்தமான்னுவான். அதனால நூறு உண்மைக்கு நடுவுல ஒரு பொய்ய வெப்போம். அது அவன்கிட்டயும் இருந்தா, திருடுனது கையும் களவுமா தெரிஞ்சிடும் இல்லையா? நான் பேரு, ஊரு, வருஷம் மூணையும் மாத்தி வெச்சேன். எத்தனையோ பேரப் புடிச்சேன். அப்புறம் மெஷினு வந்து அள்ள ஆரம்பிச்சிடுச்சு. மெஷினு கையப் புடிச்சு எங்க சார் கேக்கறது?"

"இருக்கற துணுக்குல என் பொண்ணோடத ஏன்யா எடுத்தீங்க?" சுகன்யா அம்மாள் குரலை உயர்த்தவில்லை.

ஆல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். "பெரிய ஆட்டமா இருந்தா எவனாவது சரிபாத்துடுவான்மா. யாரும் தேடி வராத ஒண்ணுலதான் பொறி வெக்கணும். அந்த ஆட்டத்த யாரும் தேடி வரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் வந்துட்டேனே."

கடைக்காரர் இன்னொரு தட்டுவடை செட் போடவா என்று கேட்டார். நான் காசை எடுத்து நீட்டினேன்.

நல்ல மனிதர்தான் ஆல்பர்ட். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது எனக்கு, வாய் வரவில்லை. மறுநாளே தன் பக்கத்தில் திருத்தம் போட்டார். ரோஸ்லின் குரியன் என்று யாரும் இல்லை, நானே கட்டியது, அந்தப் பெருமை சேலம் மகிழினிக்கு உரியது என்று தன் பெயரோடு எழுதினார். மெய்ச்சான்று அதைப் படித்தது. ஒரு பக்கம் இல்லை என்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் உண்டு என்கின்றன என்று கணக்குப் பார்த்து ரோஸ்லினை அப்படியே வைத்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'தம் கூற்றைத் தாமே மறுத்தவர்' என்று ஆல்பர்ட்டுக்கு ஒரு முத்திரை குத்தி, அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த துணுக்குகள் அத்தனையையும் நம்பத்தகாதவை என்று தள்ளிவிட்டது. திருடிய பக்கங்களில் இருந்த அதே துணுக்குகளுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

செய்தியைச் சொல்ல அவரைப் போனில் கூப்பிட்டேன். "தெரிஞ்சுதான் போட்டேன் சார்" என்றார். பிறகு, "மூணு பொய்ப் பக்கம் வேற வேற பேர்ல போட்டா மகிழினி உடனே நிஜமாயிடுவா. எனக்கு அரை நாள் வேலை. போடட்டுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவரே, "வேணாம் சார். அந்தப் புள்ளைய வெச்சு ஒரு தடவ பொய் எழுதுனது போதும்" என்று வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பக்கங்கள் இல்லாத இடத்தில் ஆட்களைக் கூப்பிடலாம் என்று சட்டத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. சம்பவத்தின்போது அங்கே இருந்த மூன்று பேர், ரத்த சொந்தம் இல்லாதவர்கள், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரியாமல் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முத்திரை விழுந்த ஆல்பர்ட்டைச் சேர்க்க முடியாது. சுகன்யா அம்மாள் அலைந்து திரிந்து, மகளோடு ஆடிய மூன்று பெண்களைத் தேடிப் பிடித்தார். பந்து வீசிய சஃப்ரின் ஓசூரில் இருந்தாள். முதல் பேஸில் நின்ற ரிதன்யா துபாயில். ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் ஜோவிதா கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மூவரும் மகிழினிக்காக என்றதும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள்.

மெய்ச்சான்று கேட்க, அவர்கள் சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் விதி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

சஃப்ரின் சொன்னாள், அன்றைக்கு நல்ல மழைத் தூறல் என்று. ரிதன்யா மண்டையைப் பிளக்கும் வெயில் என்றாள். எதிரணி ஈரோடு என்றாள் ஒருத்தி, தர்மபுரி என்றாள் இன்னொருத்தி. மகிழினி விழுந்து புரண்டு பந்தைப் பிடித்தாள் என்றாள் ஜோவிதா. நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை என்றாள் சஃப்ரின். பொய்ப் பக்கங்கள் ஓர் எழுத்து மாறாமல் ஒத்துப்போகின்றன. நேரில் இருந்தவர்கள், அதுவும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இயந்திரத்துக்கு இது எப்படிப் புரியும்?

ஆனால் பிடித்ததும், மிதித்ததும், தொட்டதும் மகிழினி ஒருத்தியே என்பதில் மூவரும் உறுதியாக நின்றார்கள். ரிதன்யா அதைச் சொல்லும்போது துபாயிலிருந்து கத்தினாள். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

கடைசியாக மெய்ச்சான்று வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைக் கேட்டது. ஆட்டக்காரியின் குடும்பத்தார் யாராவது மைதானத்தில் இருந்தார்களா?

"இல்ல. எங்க எல்லாருக்கும் அம்மா சாப்பாடு கட்டி எடுத்துட்டு வந்தாங்க. ஃபைனல்னா அது பழக்கம். மகியோட அம்மா மட்டும் வரல. என் டப்பாவுலதான் லெமன் சாதம் சாப்பிட்டா" என்றாள் சஃப்ரின்.

ரிதன்யாவின் டப்பாவில் தயிர் சாதம் சாப்பிட்டதாக ரிதன்யா சொன்னாள். ஜோவிதாவின் அம்மா ஊட்டிவிட்ட இட்லி என்றாள் ஜோவிதா. சாப்பாட்டில் ஒத்துப்போகவில்லை. அம்மா வரவில்லை என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள்.

முடிவு வந்தது. நிரூபணமானவை இரண்டே இரண்டு. அந்த ஆட்டத்தில் மகிழினி ஒருத்தியே மூவரையும் அவுட் ஆக்கினாள். மகிழினியின் தாய் அன்றைக்கு மைதானத்தில் இல்லை.

மழையும் வெயிலும் ஈரோடும் தர்மபுரியும் ஆதாரமின்றித் தள்ளப்பட்டன. இந்த இரண்டையும் உறவினர் ஏற்றுக்கொண்டால் சேர்த்தேதான் ஏற்க வேண்டும். ஒன்றை எடுத்து ஒன்றை விட முடியாது. ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று விதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். இல்லை.

மறுநாள் சுகன்யா அம்மாள் பெட்டியோடு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் வேண்டுமா, காபி சொல்லட்டுமா என்று உளறிவிட்டு, கடைசியில் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் படித்தார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"மூணும் நல்ல பொண்ணுங்க. பொய் சொல்லல" என்றார்.

"அம்மா, நீங்க..."

"நான் போகல தம்பி. அன்னிக்கு எங்க அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, ராசிபுரத்துல. போகலன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ஆட்டம் என்ன, அடுத்த வருஷமும் ஆடுவாங்கன்னு போயிட்டேன். அதோட சரி, அப்புறம் அவ எந்த ஃபைனல்லயும் ஆடவே இல்ல. காலேஜ் முடிஞ்சு வேலைக்குப் போயிட்டா."

துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"வந்து கதை சொன்னா. 'அப்புறம் நான் மேல பாத்தேன், நீ கேலரில உக்காந்து கை தட்டுன, கை வலிக்கற அளவுக்குத் தட்டுன'ன்னு. குத்திக் காட்டறா. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் அப்படியே சொல்லுவா, நானும் வாங்கிக் கட்டிக்குவேன். ஒரு நாள் தாங்க முடியாம அழுதுட்டேன். அதுக்கப்புறம் கிண்டலே இல்லாமச் சொல்ல ஆரம்பிச்சா. நான் நிஜமாவே அங்க இருந்த மாதிரி. நான் உக்காந்திருந்த படி, நான் கட்டியிருந்த சேல, எல்லாம் அவளே வெச்சிக் குடுத்தா. சாகற வரைக்கும் அப்படித்தான் சொன்னா. இந்தப் பெட்டியும் அப்படித்தான் சொல்லிட்டிருந்துச்சு."

இந்தம்மாள் இத்தனை நாள் ஒரு சாதனைக்காக அலையவில்லை. மகள் தனக்குக் கொடுத்த அந்தப் பொய்யைத் திரும்பக் கேட்டுத்தான் ஒரு மெய்ச்சான்று அலுவலகத்தின் வாசலில் நின்றிருக்கிறார். இதை நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே யாராவது சொல்லியிருந்தால் சேர்ந்திருக்க மாட்டேன்.

"இத ஏத்துக்கிட்டா, பெட்டி இனிமே நீங்க வரலன்னுதான் சொல்லும்மா. எப்பவும். மாத்த முடியாது. ஏத்துக்கலன்னா ஆட்டமே நடக்கலன்னு சொல்லும். வீட்டுக்குப் போய் யோசிச்சு..."

"அவ பேரு வந்துடுமா?"

"வந்துடும். ஆனா ரெண்டாவதா. ரோஸ்லின் பக்கங்கள் அப்படியேதான் இருக்கு. அவதான் முதல்ல, மகிழினி அடுத்துன்னு போடும்."

"பொறக்காதவளுக்கு அடுத்து என் பொண்ணு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க தம்பி. அன்னிக்கு என் சொந்தக்காரங்க முக்கியம்னு போனேன். இன்னிக்காவது அவ ஜெயிக்கட்டும்" என்றார். திரையில் கட்டைவிரலை அழுத்தினார்.

சான்று ஏறியதும் பெட்டியை அலுவலர் முன்னால் ஒருமுறை பேசவைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. நானே பொத்தானை அழுத்தினேன்.

"அம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்டி. ஃபைனல் கதையச் சொல்லு."

ஒரு நொடி. பிறகு, "அந்த ஃபைனல்ல நான் ஒத்த ஆளா மூணு பேரையும் அவுட் ஆக்குனேன்மா!" என்றது பெட்டி. குரலில் ஒரு துள்ளல் இருந்தது. இயந்திரத்துக்குத் துள்ளல் ஏது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இருந்தது.

"அப்புறம்?"

"நீ அன்னிக்கு வரலம்மா."

சுகன்யா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாடி. வரல. அப்புறம்?"

"அவ்ளோதாம்மா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பெட்டியைத் துண்டில் சுற்றிக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். குழந்தைக்குச் சோறு ஊட்ட உட்காருகிறவர் போலக் குனிந்தார்.

"சரி, இத்தன நாளா நீ சொன்ன. இப்ப நான் சொல்றேன் கேளு. காலையிலயே நான் வந்துட்டேன். மேல் படியில உக்காந்திருந்தேன். அந்தப் பச்சச் சேல."

"அதுக்கு ஆதாரம் இல்லம்மா."

"இல்லாட்டிப் போகட்டும். கேளு. நீ பந்தப் புடிச்ச. பேஸ மிதிச்ச. ஓடி வந்தவளத் தொட்ட. உனக்கே புரியல. பந்தக் கையில வெச்சிக்கிட்டு மேல பாத்த."

"அம்மா, அதுக்கு ஆதாரம்..."

"மேல பாத்தியா, நான் இருந்தேன். கை தட்டுனேன்டி. தட்டிக்கிட்டே இருந்தேன்."

பெட்டி பேசவில்லை. வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டினார். நான் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். மெய்ச்சான்றுக்கும் பெட்டிக்கும் நடுவில் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. நடந்ததாக எதையும் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. கேள்வி கேட்க மட்டும் தடை இல்லை.

"கை வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டது பெட்டி.

"வலிச்சுச்சுடி" என்றார் அவர்.